பிரமாணம் தவறாத பிரதி

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்து அமைந்திருக்கும் அகரம் என்னும் பேரூர், முத்தாலம்மன் திருவிழாவினால் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. அவ்வூரிலோ அதைச் சூழ்ந்த செம்மண் சமவெளியிலோ நிலம் வைத்திருப்பவர் ஒருவர் அதை விற்கவோ, உடன்பிறந்தாரோடு பங்கு பிரித்துக்கொள்ளவோ, வேலி அடைக்கவோ முற்படும்போது முதலில் தேடுவது பட்டாவையும் புலப்படத்தையுந்தான். முன்னாளில் அந்தப் புலப்படத்திற்காகத் தாலுகா கச்சேரியில் மனுக் கொடுத்து, சர்வேயரின் வருகைக்கும் நகல் எழுதுவோரின் ஓய்வுக்கும் காத்துக் கிடந்தார்கள். இப்போது இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ சர்வே எண்ணைச் சொன்னால் சில நிமிஷங்களில் தாள் கைக்கு வந்துவிடுகிறது. அந்தத் தாளில் 1:1000 என்றோ 1:2000 என்றோ ஒரு விகிதம் அச்சிட்டிருக்கும். 1:1000 என்றால், பூமியில் ஆயிரம் மீட்டர் நீளமுள்ளது தாளில் ஒரு மீட்டராகச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். இந்த ஒரு வரியைத் தாளின்மேல் சத்தியமாக எழுதும் தகுதியைப் பெறுவதற்கு இந்நாட்டு நில அளவைக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின என்பதும், அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சத்தியம் அச்சுப்பொறியின் முன்னால் கடைசி நிமிஷத்தில் பொய்யாகிவிடக் கூடும் என்பதும் சரித்திரக்காரர்கள் அதிகம் கவனியாத செய்திகள்.

அளவைப் பற்றிப் பேசும்போது தாடிக்கொம்பிலிருந்தே தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அங்கே சௌந்தரராஜப் பெருமாள் கோவில் மண்டபத்தில் நிற்கும் சிற்பங்களைக் கண்டு வியக்காதவர் இல்லை. அவற்றை ஆக்கிய சிற்பிகள் எந்தப் பிரமாணத்தைக் கைக்கொண்டார்கள் என்று கேட்டால், சிற்ப சாஸ்திரங்கள் தெளிவான விடை தருகின்றன. உத்தம தசதாளம் என்னும் முறையில் அமையும் தெய்வ உருவத்தின் முழு உயரத்தையும் 124 பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஓர் அங்குலமாகக் கொள்ள வேண்டும். முகம் இத்தனை அங்குலம், மார்பு இத்தனை அங்குலம் என்ற கணக்கெல்லாம் அந்த அங்குலத்தாலேயே நடக்கும். அதற்குத் தேகாங்குலம் என்று பெயர். உருவம் ஆளுயரமாக இருந்தாலும் சாண் உயரமாக இருந்தாலும் அங்குலமும் கூடவே வளர்ந்தும் குறைந்தும் விடுவதால், விகிதம் ஒருபோதும் பிழைபடாது. அளவுகோல் பிம்பத்தின் உள்ளேயே இருக்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். நிலத்துக்கு இந்தச் சௌகரியம் இல்லை. வயலின் வடிவம் எவ்வளவு அழகாகத் தாளில் வந்திருந்தாலும், அதன் பக்கம் எத்தனை அடி என்பது வெளியிலிருந்து ஒரு மானாங்குலத்தை, அதாவது மாறாத அளவுகோல் ஒன்றை, கொண்டுவந்து வைத்தாலன்றித் தெரியாது.

நம் முன்னோர் நிலத்தை அளக்கவில்லையா என்று கேட்பவர் இருப்பர். அளந்தார்கள், மிக நுட்பமாகவே அளந்தார்கள். முதலாம் இராசராசன் காலத்தில், 1001-ஆம் ஆண்டையொட்டி, சோழ மண்டலம் முழுவதும் அளக்கப்பட்டது. உலகளந்த கோல் என்று கோலுக்கே பெயர் வைத்தார்கள். பல ஊர்களில் கோவிற் சுவரிலேயே கோலின் நீளத்தை வெட்டி வைத்து, ஐயம் வந்தவர் ஒத்துப் பார்க்க வகை செய்தார்கள். அக்காலத்துக் கணக்கில் ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரையில் நிலம் குறிக்கப்பட்டது என்று நீலகண்ட சாஸ்திரியார் எழுதியிருக்கிறார். வேலியை ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால், அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவுதான் வரும். இது கோலால் அளந்ததன்று, கீழ்வாயிலக்கத்தால் வகுத்ததென்பது வெளிப்படை. ஆயினும் வகுக்கத் துணிந்த அந்தக் கணக்கரின் நெஞ்சுரத்தை மெச்சாமலிருக்க முடியவில்லை. இவ்வளவு செய்தவர்கள் நிலத்தைத் தாளிலோ ஓலையிலோ விகிதப்படி வரைந்து வைத்ததற்கு மட்டும் சாசனங்களில் அடையாளம் இல்லை. நிலம் சொல்லால் குறிக்கப்பட்டது. கிழக்கெல்லை இன்னாருடைய நிலம், தெற்கெல்லை இன்ன வாய்க்கால், மேற்கெல்லை இன்ன மரம், வடக்கெல்லை இன்ன வழி என்று நாற்பாலும் சொல்லி, உள்ளே அகப்பட்டதை இவ்வளவு என்று எழுதினார்கள். இன்றைக்கும் கிரயப் பத்திரத்தில் நான்குமால் விவரம் என்று எழுதுவது அந்தச் சம்பிரதாயத்தின் நேர் வாரிசேயாகும். சொல்லுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எத்தனை முறை நகல் எடுத்தாலும் அது சுருங்குவதில்லை.

திண்டுக்கல் சீமை 1790-ஆம் ஆண்டு கும்பினியாரின் படைக்கு வசமாகி, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையினால் திப்பு சுல்தானிடமிருந்து முறைப்படி அவர்கள் கைக்கு மாறிற்று. வரி வாங்கப் புகுந்தவர்கள் நிலத்தை அளக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில் இங்கே கலெக்டராக இருந்த ஹர்டிஸ் என்பவர் செய்த அளவையும் தீர்வை நிர்ணயமும் வருவாய்த்துறை ஏடுகளில் பேர்பெற்றவை. ஆனால் அந்நாளில் பைமாஷ் என்று வழங்கிய அளவைகளெல்லாம் பெரும்பாலும் கணக்கு ஏடுகளாகவே முடிந்தன. புலத்தின் நீள அகலங்களையும் விஸ்தீரணத்தையும் வரிசையாக எழுதிவைப்பார்கள். புலத்தின் உருவம் மட்டும் ஏட்டில் இராது. நீள அகலத்தைப் பெருக்கி வந்தது சரியா என்று சோதிக்கப் படம் இல்லாமையால், கர்ணத்தின் நினைவும் மனச்சாட்சியுமே பல ஊர்களில் வரைபடமாக விளங்கின.

படம் வரையும் வித்தை வேறு வழியாக வந்தது. மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794-இல் சென்னைக் கோட்டையருகே எட்டு மாணாக்கர்களோடு தொடங்கிய சர்வே பள்ளிக்கூடம்தான் பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் லாம்டன் என்பவர் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து திரிகோண அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின்மேல் ஏற்றும்போது கயிறறுந்து சேதப்பட்ட கதை பலரும் அறிந்தது. 1821-இல் வார்டு என்னும் படை அதிகாரி பழனி மலைகளின்மேல் ஏறி அளவை செய்து, அவற்றைப் பற்றி ஒரு விரிவான குறிப்பும் எழுதினார். இவையெல்லாம் மலையையும் நதியையும் பாதையையும் காட்டும் படங்கள். ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்குகிற விகிதத்தில் ஒருவருடைய அரை ஏக்கர் தோட்டம் ஊசிமுனைக் குத்தாகத்தான் தெரியும். குடியானவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

குடியானவனுடைய வயல் முதன்முதலாகத் தாளில் ஏறியது 1858-இல் சென்னை இராஜதானியில் வருவாய் நில அளவை தொடங்கிய பிறகுதான். இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்; ஏனென்றால் அந்த அளவையின் ஏற்பாட்டிலே ஒரு கணித அழகு இருக்கிறது. அளக்கும் கருவி, 1620-ஐ ஒட்டி எட்மண்ட் கண்ட்டர் என்னும் ஆங்கிலேயர் வகுத்த சங்கிலி. அதன் நீளம் 66 அடி. அதில் நூறு லிங்க். சங்கிலி சதுரத்துக்குப் பத்து சென்ட். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே லிங்கில் அளந்த நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் கணக்கு தானே வந்துவிடும். மூன்று தானம் தள்ளிப் புள்ளி வைக்கத் தெரிந்தவன் கணக்கனாகலாம். எண்பது சங்கிலி ஒரு மைல். கிராம வரைபடத்தை மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற விகிதத்தில் வரைந்தார்கள். அப்படியானால் தாளில் ஓரங்குலம் பூமியில் ஐந்து சங்கிலி. ஒரு சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர். இக்காலத்து வழக்கில் சொன்னால் 1:3960. இந்த எண்ணைக் கேட்டால் ஏதோ கண்மூடித்தனமாக வைத்ததுபோலத் தோன்றும். சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இதைவிட நேர்த்தியான விகிதம் அமையாது என்று விளங்கும்.

கிராம வரைபடத்துக்கு அடிப்படை, ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியே பெரிய விகிதத்தில் வரைந்த அளவுப் படம். புலத்தின் மூலைகளில் கல் ஊன்றி, கல்லுக்குக் கல் குறுக்கே கோடு பிடித்து, புலத்தை முக்கோணங்களாக வகுப்பார்கள். சர்வேயர்கள் அக்கோடுகளை இன்றும் ஜி-லைன் என்கிறார்கள். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்துவிட்டால் அதை ஒரே ஒரு வடிவத்தில்தான் வரைய முடியும்; காம்பஸும் அளவுகோலும் உள்ள எவரும், எங்கே உட்கார்ந்தும், அந்தப் புலத்தைத் திரும்ப எழுப்பிவிடலாம். வரப்பு வளைந்து செல்லுமிடங்களில் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி வளைகிறது என்பதைக் குறுக்குக் கோல் கொண்டு அளந்து எழுதுவார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, அளந்த எண்களை அந்தந்தக் கோட்டின்மேலேயே எழுதிவைக்கும் விதி. படம் விகிதப்படி வரையப்படுகிறது. ஆனால் படத்தை நம்பி எண் இல்லை, எண்ணை நம்பியே படம். தாள் மடங்கலாம், செல்லரிக்கலாம், நகலெடுப்பவன் கை நடுங்கலாம். எண் பிழைத்திருக்கும் வரையில் புலமும் பிழைத்திருக்கும். சோழர் காலத்துச் சொல்லின் உறுதியையும் மேனாட்டுப் படத்தின் தெளிவையும் ஒரே தாளில் சேர்த்துவைத்த இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள், எதிர்காலத்தில் என்னென்ன இடையூறு வரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர்களாகவே எனக்குத் தோன்றுகிறார்கள். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இந்த முறைக்குச் சட்ட வலிமை தந்தது. அந்தச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

இனி நகலின் கதை. மூலப் படம் ஒன்றுதான். அது கச்சேரியை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்பவர்களோ பலர். ஆகவே நகலெடுக்கும் தொழில் வளர்ந்தது. பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வேண்டுமானால், ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் ஷைனர் 1603-இல் கண்ட பாண்டோகிராஃப் என்னும் நாலுகைச் சட்டம் இருந்தது. ஒரு முனையால் மூலக் கோட்டைத் தடவினால் மறு முனையிலுள்ள பென்சில் வேண்டிய விகிதத்தில் வரைந்துகொண்டே போகும். அதே அளவில் நகல் வேண்டுமானால் டிரேசிங் துணியை மேலே விரித்து மையால் இழுத்தெடுப்பார்கள். அங்கே பிழை புகுவதெல்லாம் கையின் தளர்ச்சியால்தான்; விகிதம் மாற வழியில்லை. 1842-இல் ஜான் ஹெர்ஷெல் என்னும் வானநூலார் கண்டுபிடித்த நீலப் படம் இந்தியாவின் பொதுப்பணிக் கச்சேரிகளுக்கும் ரயில்வே கச்சேரிகளுக்கும் வந்து சேர்ந்தபோது கைநகலுக்கு ஓய்வு பிறந்தது. டிரேசிங்கையும் இரும்புச் சத்துப் பூசிய தாளையும் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கிப் பிணைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால், நீலத் தரையில் வெள்ளைக் கோடுகள் எழும். நம் நாட்டு வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான தொழிலுண்டோ! ஆனால் தாள் நீரில் நனைந்து காய்ந்தால் சுருங்கும். அதுவும் நீளவாட்டில் ஓர் அளவாகவும் அகலவாட்டில் வேறோர் அளவாகவும் சுருங்கும். வரைபடத்தின் மீது அளவுகோலை வைத்து அளக்காதே, எழுதிய எண்ணைப் பின்பற்று என்ற எச்சரிக்கையை வரைவாளர்கள் ஒவ்வொரு தாளிலும் எழுதும் வழக்கத்துக்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

1920-களில் ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட அம்மோனியா பிரிண்ட் அந்தக் குறையைப் பெரிதும் நீக்கிற்று. தாளை நனைக்க வேண்டியதில்லை. விளக்கொளியில் காட்டிய தாளை அம்மோனியா ஆவியில் செலுத்தினால் கோடுகள் ஊதாவாகத் தெளிந்துவிடும். ஆவி மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் என்பது உண்மையே. எனினும் படம் அளவு குன்றாமல் வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நீலப் படமாயினும் அம்மோனியாப் படமாயினும் மூலமும் நகலும் உடலோடு உடல் ஒட்டி நின்றே பிறந்தன. நடுவே கண்ணாடி வில்லையும் இல்லை, கணக்கும் இல்லை. அச்செடுப்பவனுக்கு விகிதம் என்பதே தெரிய வேண்டியதில்லை. தெரியாத ஒன்றை அவன் கெடுக்கவும் முடியாது. முதலில் இந்த ஒட்டுறவைக் குலைத்தது ஜெராக்ஸ் யந்திரந்தான்.

நாடு விடுதலை பெற்றபின் மற்றொரு குழப்பம் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் எடை அளவைகள் சட்டத்தினால் மீட்டர் முறை வந்தது. அரசாங்கத்து வரைபடங்கள் மெல்ல மெல்ல 1:100, 1:1000 என்று மாறின. வீடு கட்டுவோரும் கொத்தனார்களும் அடியையும் அங்குலத்தையும் விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை. எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த பழைய படத்தின் விகிதம் 1:96. பார்வைக்கு அது 1:100-க்கு உடன்பிறப்புப் போலவே இருக்கும். 1:96-இல் வரைந்த பத்தடி அறையை 1:100 அளவுகோலால் அளந்தால் பத்தடி ஐந்தங்குலம் என்று காட்டும். ஐந்தங்குலம் என்பது ஒரு சுவரின் பாதிக் கனம். ஜன்னலும் கதவும் இடம் மாறப் போதுமானது. தாளின் அளவும் இதேபோல இரண்டுபட்டது. இம்பீரியல், டபுள் எலிஃபெண்ட் என்று ராஜகம்பீரமான பெயர்களோடு திரிந்த பழைய வரைதாள்கள் போய், 1922-இல் ஜெர்மானியர் வகுத்த ஏ வரிசைத் தாள்கள் வந்தன. ஒரு தாளைச் சரிபாதியாக மடித்தால் அதே வடிவமுள்ள அடுத்த தாள் கிடைப்பது அந்த வரிசையின் பெருமை. அந்தப் பெருமையே, பின்னால் சொல்லப்போகிறபடி, ஒரு பெரும் பொறியாகவும் ஆயிற்று.

கணினி வந்தபோது நடந்த மாறுதலைப் பலர் வேகத்தின் மாறுதலாக மட்டும் காண்கிறார்கள். 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்னும் மாணாக்கர் திரையின்மேல் ஒளிப்பேனாவால் கோடு வரைந்து காட்டினார். 1982-இல் ஆட்டோகேட் என்னும் மென்பொருள் சிறிய மேசைக் கணினிகளுக்கென்று வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நம் சிற்றூர்களின் வரைவுக் கூடங்களிலும் டி-ஸ்குயரும் மினி டிராஃப்டரும் பரணுக்குப் போயின. இந்த மாறுதலின் உள்ளே ஒரு தலைகீழ் மாற்றம் ஒளிந்திருக்கிறது. பழைய வரைவாளர் தாளை விரித்ததும் முதல் வேலையாக விகிதத்தைத் தீர்மானித்தார். தீர்மானித்த பின்னரே முதற்கோடு இழுக்கப்பட்டது. இழுத்த ஒவ்வொரு கோட்டிலும் அந்தத் தீர்மானம் ஊறியிருந்தது. கணினியிலோ வீட்டையும் வயலையும் அவற்றின் மெய்யான அளவிலேயே வரைகிறோம். நாற்பதடி மனை திரைக்குள்ளே நாற்பதடியாகவே இருக்கிறது. சுருக்குவது என்பது அச்சிடும்போதுதான். ஆகவே விகிதம் முதற் செயலாக இருந்தது கடைசிச் செயலாகிவிட்டது. வரைந்தவர் கையிலிருந்து நழுவி, அச்சிடுபவர் கைக்கு மாறிவிட்டது. அச்சிடுபவர் பெரும்பாலும் ஒரு கடைப் பையன். அவனுக்கு அந்தப் பொறுப்பு தன்னிடம் வந்திருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை.

மேலும் ஒன்று. கணினிக்கு எண் தெரியும், அலகு தெரியாது. திரையில் 25 என்று வரைந்த கோடு இருபத்தைந்து மீட்டரா, அடியா, மில்லிமீட்டரா என்பதை வரைந்தவரே மனத்தில் வைத்திருக்க வேண்டும். மீட்டரை அலகாகக் கொண்டு வரைந்த மனைப் படத்தை 1:1000-இல் அச்சிட, ஓர் அலகுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கட்டளை கொடுக்க வேண்டும். அதையே 1:100-இல் அச்சிட, ஓர் அலகுக்குப் பத்து மில்லிமீட்டர். இதை அறியாமல் கட்டளைப் பெட்டியில் கண்ட 1:100-ஐ அப்படியே தேர்ந்தெடுத்தால், இருபத்தைந்து மீட்டர் மனை தாளின் மூலையில் கால் மில்லிமீட்டர் புள்ளியாக விழும். இந்தப் பிழை வெட்கப்படுத்தும். ஆனால் தீங்கு செய்யாது, பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால். தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத பிழைதான்.

அந்தப் பிழையின் பெயர் தாளுக்குப் பொருத்துதல். அச்சுப்பொறி தாளின் விளிம்புவரை மையிட மாட்டாது. நான்கு பக்கமும் சிறிது இடம் விட்டாக வேண்டும். ஆகவே படம் விளிம்பில் வெட்டுப்படாதிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, கேளாமலே படத்தை நூற்றுக்கு மூன்று நான்கு வீதம் சுருக்கிவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு யாதொரு வேறுபாடும் தெரியாது. 1:1000 என்ற எழுத்தும் தாளில் அப்படியே நிற்கும். எழுத்து தான் பொய்யாகிவிட்டதை அறியாது. நூற்றுக்கு மூன்று என்பது நீளத்தில் மூன்று. விஸ்தீரணத்திலோ ஏறக்குறைய ஆறு. நூறு சென்ட் நிலம், அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்குத் தொண்ணூற்று நான்கு சென்டாகத் தெரியும். யந்திரத்தில் அமெரிக்கரின் லெட்டர் தாளளவு அமைந்திருந்து, அதில் ஏ4 படம் பொருத்தப்பட்டுவிட்டால் நீளம் நூற்றுக்கு ஆறு குறையும். ஏக்கர் எண்பத்தெட்டரை சென்டாகும். ஏ3 தாளுக்கென்று செய்த படத்தைச் செலவு குறையட்டும் என்று ஏ4-இல் அச்சிட்டால், மேலே சொன்ன மடிப்பின் பெருமையால் படம் சிறிதும் கோணாமல், வடிவம் மாறாமல், முழுமையாகவே வரும். நிலம் மட்டும் சரிபாதியாகியிருக்கும். 1:100 என்று எழுதியிருப்பது உண்மையில் 1:141. வடிவம் கெட்டிருந்தால் ஐயம் பிறந்திருக்கும்; வடிவம் கெடாததே ஏமாற்றுகிறது.

தமிழ்நாட்டில் பட்டாப் பதிவேடுகளைப் புதுப்பித்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. அதனிடையே, 1985-இல், திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் பின்னர்த் தேசியத் தகவலியல் மையம் ஆக்கிய கொலாப்லேண்ட் என்னும் மென்பொருளின் துணையால் பழைய புலப்படங்களிலிருந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி, கோடுகளை மறுபடியும் எழுப்பி, இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். இதைச் செய்ய முடிந்ததே, எண்ணைக் கோட்டின்மேல் எழுத வேண்டும் என்று விதித்த பழைய விதியினால்தான். செல்லரித்துச் சுருங்கிய தாளிலிருந்து கோட்டை அப்படியே பெயர்த்திருந்தால் சுருக்கத்தையும் சேர்த்தே பெயர்த்திருப்பார்கள். மீட்டர் முறையிலும் பழைய அழகு ஓரளவு தங்கியிருக்கிறது: 1:1000 படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் நூறு சதுர மீட்டர், அதாவது ஓர் ஏர்ஸ், சென்டில் சொன்னால் ஏறக்குறைய இரண்டரை. கட்டம் போட்ட தாளைப் படத்தின்மேல் வைத்து எண்ணினால் விஸ்தீரணம் வந்துவிடும். படம் மட்டும் முழு அளவில் அச்சாகியிருக்க வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விகிதத்தை எண்ணால் மட்டும் எழுதுவதைக் காட்டிலும், படத்தின் அடியில் பட்டை அளவுகோல் ஒன்றை வரைந்து, அதில் பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று குறித்துவைப்பது மேலானது. பழைய நிலப்படங்களில் அந்தப் பட்டை அலங்காரத்தோடு இடம்பெற்றிருப்பதைக் காணலாம். அது ஆபரணமன்று, தாடிக்கொம்புச் சிற்பியின் தேகாங்குலம்போல, படம் சுருங்கினால் தானும் சுருங்கி, நீண்டால் தானும் நீண்டு, எந்த நகலிலும் உண்மையையே சொல்லும் சாட்சி அது. எண்ணால் எழுதிய விகிதமோ மூலத்துக்கு மட்டும் சாட்சி. அரசாங்கத்துப் புலப்படத்திலும், தனியார் வரையும் ஒவ்வொரு மனைப் படத்திலும் அந்தப் பட்டை இருந்தாக வேண்டும் என்று விதி செய்வதற்கு ஒரு காசு செலவில்லை.

விதி வரும் வரையில் வாசகர் தாமே செய்துகொள்ளக் கூடியது ஒன்றுண்டு. அச்சிடும் கடையில், தாளுக்குப் பொருத்த வேண்டாம், அசல் அளவில், நூற்றுக்கு நூறாக எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். தாள் கைக்கு வந்ததும், மீட்டர் எண் எழுதிய நீளமான கோடு ஒன்றின்மேல் பள்ளிக்கூடத்து அளவுகோலை வையுங்கள். 1:1000 படத்தில் 80 மீட்டர் என்று எழுதிய கோடு எட்டு சென்டிமீட்டர் இருந்தால் பிரதி சரி; ஏழே முக்கால் இருந்தால் காசைத் திரும்பக் கேட்காமல் வேறு பிரதி கேளுங்கள். எது எப்படியிருந்தாலும், தாளில் வைத்து அளந்த அளவை நம்பி வேலிக்கால் நடவேண்டாம். எல்லைத் தகராறில் சர்வேயர் கொண்டுவரும் சங்கிலியும் நாடாவும் கல்லிலிருந்து கல்லுக்குத்தான் பிடிக்கப்படும். அவர் ஒத்துப் பார்ப்பது கோட்டின்மேல் எழுதியிருக்கும் எண்ணையேயன்றிக் கோட்டின் நீளத்தையன்று.